412-வது கிலோமீட்டரில் நின்ற நடை: ஒரு பாத எலும்பும் 16 வாரங்களும்

நான் பிசியோதெரபிஸ்ட். பாதம், கணுக்கால் காயங்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். நெடுந்தூர நடையைப் பாதியில் விட்டுவிட்டு வருகிறவர்கள் உட்கார்ந்ததும் கேட்பது ஒரே கேள்விதான்: "மறுபடி எப்போ கிளம்பலாம்?" இந்த நிகழ்வை விரிவாக எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வலி நின்ற நாளும் எலும்பு தயாரான நாளும் எவ்வளவு தள்ளித் தள்ளி இருக்கின்றன என்பதை இவ்வளவு தெளிவாக நான் வேறு யாரிடமும் பார்த்ததில்லை. சம்பந்தப்பட்டவர் எழுதச் சம்மதித்திருக்கிறார். அவரை அடையாளம் காட்டக்கூடிய எதையும் இங்கே சொல்லவில்லை.

நடந்தவரும் நடையும்

அவருக்கு வயது 51, எடை 58 கிலோ. மாதவிடாய் நின்று மூன்று வருடம். சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப் பழக்கம் எதுவும் இல்லை. 900 கிலோமீட்டரை 40 நாளில் நடந்து முடிப்பது திட்டம். அதற்காக ஆறு மாதம் தயாராகியிருக்கிறார். வார நாட்களில் 6 கிலோமீட்டர், வாரக் கடைசியில் ஒரு நாள் 15 கிலோமீட்டர். கேட்க நல்ல தயாரிப்பாகத்தான் தெரியும். ஆனால் அதில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதுகுப்பையைச் சுமந்து ஒரு நாள்கூடப் பழகவில்லை. கிளம்பிய அன்று பை 11 கிலோ, அதாவது உடல் எடையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. அடுத்தடுத்த நாட்களில் நீண்ட தூரம் நடந்து பார்த்ததும் இல்லை. 15 கிலோமீட்டர் நடந்தால் மறுநாள் ஓய்வு என்றே பழகியிருந்தார்.

அவர் தினமும் குறிப்பு எழுதுகிறவர். சின்ன நோட்டு, பென்சில் எழுத்து. அந்த நோட்டு இல்லாவிட்டால் இந்தக் கதை எனக்கு முழுதாகக் கிடைத்திருக்காது.

முதல் எட்டு நாள் எல்லாம் ஒழுங்கு. நாளுக்கு 19, 20 கிலோமீட்டர். ஒன்பதாம் நாள் மழை. நனைந்த சாக்ஸை மாற்றாமல் நடந்ததில் வலது குதிகாலில் ரூபாய் நாணயம் அளவுக்குக் கொப்புளம். அடுத்த மூன்று நாள் குதிகாலை ஊன்றாமல், பாதத்தின் முன்பகுதியில் பாரத்தைப் போட்டு விந்தி விந்தி நடந்திருக்கிறார். பழைய ஷூவின் பின்பக்கம் கொப்புளத்தில் உரசியதால், பன்னிரண்டாம் நாள் மெல்லிய அடிப்பாகம் கொண்ட இலேசான ஷூவுக்கு மாறிவிட்டார். இந்த நான்கு நாளும் சராசரியாக 15 கிலோமீட்டர்தான் ஆனது. அது மனதை உறுத்தியது. பதின்மூன்றாம் நாளிலிருந்து விட்ட தூரத்தைப் பிடிக்க நாளுக்கு 31 கிலோமீட்டர்.

இதற்கப்புறம் நோட்டில் வரும் வரிகளை அப்படியே எடுத்து எழுதுகிறேன். பதினான்காம் நாள்: "சாயங்காலம் வலது பாதத்தின் மேல்பக்கம் இலேசாக நோவு. காலையில் இல்லை." பதினாறாம் நாள்: "மதியமே நோவு வந்துவிட்டது." பதினேழாம் நாள்: "முதல் ஒரு மணி நேரத்திலேயே." பதினெட்டாம் நாள்: "மாத்திரை போட்டேன். நன்றாக நடந்தேன்." பத்தொன்பதாம் நாள் ஒரே வரி: "உந்தி நடக்க முடியவில்லை. 412."

நோவு சாயங்காலத்திலிருந்து மதியத்துக்கும், மதியத்திலிருந்து காலைக்கும் முன்னேறி வருவதைக் கவனியுங்கள். தசைவலி பெரும்பாலும் இப்படி வராது. புதுத் தசைவலி முதல் இரண்டு மூன்று நாள் கடுமையாக இருக்கும், அப்புறம் பழகிப் போகும். தினமும் கொஞ்சம் சீக்கிரமே வந்து, ஒரே இடத்தில் உட்கார்ந்துகொள்ளும் வலி எலும்பு எழுப்பும் குரல். பதினாறாம் நாள் நின்றிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் முடிந்திருக்கக்கூடிய விஷயம் என்று நினைக்கிறேன். பதினெட்டாம் நாள் மாத்திரை வலியை மறைத்தது. அந்த 31 கிலோமீட்டரில் விழுந்த ஒவ்வொரு அடியும் ஏற்கெனவே தளர்ந்திருந்த எலும்பின் மேல்தான் விழுந்தது.

முதலில் கிடைத்த நிம்மதி

நடை நின்ற இரண்டாம் நாள் ஒரு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் எதுவும் தெரியவில்லை. சுளுக்கு என்று சொல்லி, கட்டுப் போட்டு, ஓய்வெடுக்கச் சொன்னார்கள். இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். திரும்பத் திரும்ப விழும் பாரத்தால் எலும்பில் வரும் மெல்லிய முறிவு முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் தெரியாமல் இருப்பது சகஜம். விரிசல் மயிரிழைதான்; அதைச் சுற்றிப் புது எலும்பு படிய ஆரம்பித்த பிறகுதான் படத்தில் வெள்ளையாகத் தெரியும். அதனால் சுத்தமான எக்ஸ்ரேயை வைத்து "முறிவு இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. "இன்னும் தெரியவில்லை" என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பது நாள் ஓய்வெடுத்தார். வீக்கம் வடிந்தது, வலி போயே போய்விட்டது. பத்தாம் நாள் சோதித்துப் பார்க்கலாம் என்று பை இல்லாமல் 12 கிலோமீட்டர் கிளம்பினார். ஏழாவது கிலோமீட்டரில் அதே இடத்தில் அதே வலி, முன்னைவிடக் கூர்மையாக. மீதி ஐந்து கிலோமீட்டரையும் நடந்தேதான் திரும்பியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து எங்களிடம் வந்தார்.

ஒரு விரல் சோதனை

பாதத்தில் வலி என்று வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது: "வலிக்கிற இடத்தை ஒரே ஒரு விரலால் காட்டுங்க." உள்ளங்கையால் தடவிக் காட்டினால் பெரும்பாலும் தசையோ தசைநாரோ. ஒற்றை விரல் ஒரு புள்ளியில் போய் நின்றால் நான் நிமிர்ந்து உட்காருவேன்.

அவருடைய ஆள்காட்டி விரல் நேராக வலது பாதத்தின் மேல்பக்கம், இரண்டாம் விரலுக்குப் பின்னால் போகும் நீள எலும்பின் நடுப்பகுதியில் நின்றது. நான் என் கட்டைவிரலை அந்த எலும்பின் விரல்பக்க நுனியிலிருந்து அதன் மேலேயே மெல்ல நகர்த்திக்கொண்டு வந்தேன். நுனியில் ஒன்றுமில்லை. ஒரு அங்குலம் பின்னால் வந்ததும் அவர் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். அதைத் தாண்டி மறுபடி ஒன்றுமில்லை. பக்கத்து எலும்புகளிலும் இல்லை. இரண்டாம் விரலை நேராகப் பின்னோக்கி அழுத்தியபோதும் வலி அதே புள்ளியில் எழுந்தது.

மற்ற சாத்தியங்களையும் பார்த்தோம். உள்ளங்கால் சவ்வு அழற்சியாக இருந்தால் காலையில் கட்டிலை விட்டு இறங்கும் முதல் அடியில் குதிகாலில் குத்தும், அது இல்லை. விரல்களுக்கு நடுவே நரம்பு தடித்திருந்தால் பெரும்பாலும் மூன்றாம், நான்காம் விரல்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் இருக்கும், அதுவும் இல்லை. ஒற்றைக் காலில் குதிக்கச் சொல்லும் சோதனை ஒன்று உண்டு. முறிவு என்று இந்த அளவுக்குச் சந்தேகம் வந்த பிறகு நான் அதைச் செய்ய மாட்டேன். தெரிந்த பதிலை வாங்க எலும்பை இன்னொரு முறை அடிப்பானேன்?

எலும்பு மருத்துவர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். இரண்டாம் மெட்டாடார்சல், அதாவது அவர் விரல் வைத்துக் காட்டிய அந்த நீள எலும்பின் தண்டில் மஜ்ஜை வீக்கம், நடுவே மெல்லிய விரிசல் கோடு, எலும்பு இடம் பெயரவில்லை. ரத்தப் பரிசோதனையில் வைட்டமின் டி மில்லிலிட்டருக்கு 14 நானோகிராம். 20-க்குக் கீழே போனாலே குறைபாடு என்று பொதுவாகக் கணக்கு. எலும்பு அடர்த்திப் பரிசோதனையில் டி-ஸ்கோர் மைனஸ் 1.6. எலும்புத் தேய்மான நோய் என்று சொல்லும் எல்லை மைனஸ் 2.5. அதை இன்னும் தொடவில்லை, ஆனால் அந்தப் பாதையில் நிற்கிறது.

ஏன் அந்த எலும்பு, ஏன் அப்போது

இந்த முறிவு புதிதல்ல. 1855-இல் பிரெய்தாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், நீண்ட அணிநடைக்குப் பின் வீங்கி வலிக்கும் சிப்பாய்களின் பாதங்களைப் பற்றி எழுதினார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. என்ன நடக்கிறது என்று உள்ளே பார்க்க வழியில்லை. ரோன்ட்கன் 1895-இல் எக்ஸ் கதிர்களைக் கண்டுபிடித்த பிறகு, 1897-இல் ஸ்டெகோவ் என்பவர் அந்தப் பாதங்களைப் படமெடுத்து அது முறிவு என்று காட்டினார். அணிநடை முறிவு என்ற பெயர் இன்றும் இருக்கிறது. எங்களிடம் வந்தவருக்கு இதைச் சொன்னபோது, "அப்போ எனக்கு வந்தது சிப்பாய் வியாதி" என்றார். அன்றைக்கு அவர் முகத்தில் பார்த்த முதல் சிரிப்பு அதுதான்.

பாதத்தில் 26 எலும்புகள். அதில் ஐந்து நீள எலும்புகள் விரல்களைப் பின்பாதத்தோடு இணைக்கின்றன. பெருவிரலுக்குரிய முதலாவது குட்டை, பருமன். இரண்டாவது நீளம், ஒல்லி. அதோடு அதன் அடிப்பகுதி பின்னாலுள்ள எலும்புகளுக்கு நடுவே ஆப்பு வைத்த மாதிரி இறுகிப் பொருந்தியிருக்கிறது. மற்றவை கொஞ்சம் அசைந்து கொடுக்கும், இது கொடுக்காது. குதிகாலைத் தூக்கி உந்தும் ஒவ்வொரு முறையும் இது வளைவு விசையை வாங்கிக்கொள்கிறது. விரல்களை மடக்கும் தசைகள் தெம்பாக இருக்கும்வரை அந்த விசையில் ஒரு பங்கை அவை தாங்கும். தசை சோர்ந்தால் முழுப் பாரமும் எலும்புக்கு.

எண்ணிப் பார்ப்போம். ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 1,400 அடி. வீட்டருகே 6 கிலோமீட்டர் நடந்தபோது வலது காலுக்கு நாளொன்றுக்கு 4,200 அடி. 31 கிலோமீட்டர் நடந்தபோது 21,700. ஐந்து மடங்கு, அதுவும் 11 கிலோ பையோடு, மெல்லிய ஷூவில், குதிகாலைத் தவிர்த்துப் பழகிப்போன நடையில். நடையில் ஒரு அடிக்கு விழும் விசை உடல் எடையைவிடச் சற்றே கூடுதல்தான். ஓட்டத்தில் இரண்டு மூன்று மடங்கு. அதனால்தான் "நடைதானே" என்று நினைத்துவிடுகிறோம். ஒரு அடி ஒன்றும் செய்யாது. கம்பியை ஒரு தடவை வளைத்தால் உடைவதில்லை. வளைத்துக்கொண்டே இருந்தால் உடையும்.

கம்பிக்கும் எலும்புக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. எலும்பு தன்னைத்தானே செப்பனிட்டுக்கொள்ளும். பாரத்துக்கேற்ப எலும்பு தன் அமைப்பை மாற்றிக்கொள்கிறது என்று ஜெர்மன் மருத்துவர் வோல்ஃப் 1892-இலேயே எழுதிவிட்டார். ஆனால் செப்பனிடும் வேலை நடக்கும் வரிசைதான் நடையாளர்களைக் கவிழ்க்கிறது. முதலில் ஒருவகை செல்கள் சேதமான எலும்பை அரித்தெடுக்கும். இதற்குச் சில வாரம். அப்புறம்தான் வேறு செல்கள் வந்து புது எலும்பைக் கட்டும். இதற்குச் சில மாதம். பழைய சுவரை இடித்துவிட்டு, புதுச் சுவர் எழும்பாத அந்த நடுக்காலத்தில் எலும்பு முன்பைவிட பலவீனமாக இருக்கும். பயிற்சியில் திடீரென்று தூரத்தைக் கூட்டிய மூன்றாவது, நான்காவது வாரத்தில் இந்த முறிவு அடிக்கடி வருவது அதனால்தான். இவருக்கும் மூன்றாவது வாரம்.

இதில் கொப்புளத்தின் பங்கை நான் பெரிதாக எடுத்துக்கொள்கிறேன். எங்களிடம் வருகிறவர்கள் கொப்புளத்தைச் சொல்வதே இல்லை, அது ஆறிப்போன விஷயம். இவருடைய பழைய ஷூவையும் புது ஷூவையும் கொண்டுவரச் சொல்லி உள்ளட்டையை எடுத்துப் பார்த்தேன். பழைய வலது அட்டையில் குதிகால் குழி ஆழமாக இருந்தது. புதியதில் குதிகால் பக்கம் கிட்டத்தட்ட புதுசு மாதிரியே இருக்க, இரண்டாம் விரலுக்குக் கீழே ஒரு பள்ளம் கருத்துப்போயிருந்தது. கொப்புளம் ஆறிய பிறகும் நடை மாறவில்லை என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

பூட்ஸ் போட்ட நான்கு வாரம்

மெட்டாடார்சல் தண்டு முறிவு, இடம் பெயராதது, பொதுவாக நல்லபடியாக ஆறும்; ஆறு முதல் எட்டு வாரம். எல்லாப் பாத எலும்புகளுக்கும் இதே கணக்கு கிடையாது. பாதத்தின் உள்வளைவின் உச்சியிலுள்ள நாவிகுலர், ஐந்தாம் மெட்டாடார்சலின் அடிப்பக்கம், இரண்டாம் மெட்டாடார்சலின் அடிமூலை ஆகிய இடங்களில் விரிசல் என்றால் ஒட்டாமலே போகும் அபாயம் கூடுதல். சில சமயம் அறுவைச் சிகிச்சை வரை போகும். அதனால் "என் நண்பருக்கும் கால்ல விரிசல், ஆறு வாரத்துல நடந்துட்டார்" என்பதை வைத்துத் தன் காலுக்கு முடிவெடுக்கக் கூடாது. சர்க்கரை நோயாளிகள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பாதம் வீங்கிச் சூடாக இருந்து வலி மட்டும் குறைவாக இருந்தால் அது நல்ல அறிகுறியே அல்ல, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இவருக்கு அடிப்பாகம் வளையாத பூட்ஸ் நான்கு வாரம். நோகாத அளவுக்கு ஊன்றி நடக்கலாம். வைட்டமின் டி, கால்சியத்தை மருத்துவர் எழுதிக் கொடுத்தார். இன்னொன்றும் பேசினோம்: நடையின்போது அவர் பெரும்பாலும் இரண்டு வேளைதான் சாப்பிட்டிருக்கிறார், பசியே இல்லையாம். நாள் முழுக்க நடப்பவருக்குச் சக்தி போதாமல் போனால் உடல் முதலில் கை வைக்கும் இடங்களில் எலும்பும் ஒன்று. மறுபடி கிளம்பும்போது பசியை நம்பாமல் நேரத்தை நம்பிச் சாப்பிடுவது என்று ஒப்புக்கொண்டார்.

இதயத்தையும் நுரையீரலையும் சும்மா விடவில்லை. பூட்ஸ் காலை ஓரமாக வைத்துவிட்டுக் கைகளுக்கும் இடுப்புக்கும் பயிற்சி. மூன்றாவது வாரத்திலிருந்து மருத்துவர் அனுமதியோடு நீரில் மிதந்தபடி ஓடுவது. பாதத்தின் நடுப்பகுதியால் மிதித்து நிலைச் சைக்கிள். இது தேவைதான், ஆனால் இதிலும் ஒரு பொறி இருக்கிறது. மூச்சும் தொடையும் தெம்பாகவே இருப்பதால் நடைக்குத் தயார் என்ற எண்ணம் வந்துவிடும். தயாராகாமல் இருப்பது சுண்டுவிரல் பருமன்கூட இல்லாத ஒரு எலும்பு மட்டும்தான், அது வெளியே தெரியாது.

என் பிழை ஒன்றையும் இங்கே பதிவு செய்கிறேன். பூட்ஸின் அடிப்பாகம் தடிமன். அதைப் போட்டதும் வலது கால் இரண்டு சென்டிமீட்டர் உயர்ந்துவிடும். இடது ஷூவுக்கு அடியில் அதே அளவுக்கு உயரம் வைத்துச் சமப்படுத்த வேண்டும். முதல் பத்து நாள் நான் அதைச் செய்யவில்லை. அவர் வீட்டுக்குள்தானே நடக்கிறார் என்று விட்டுவிட்டேன். அதன் பலன் பின்னால் வந்தது.

பூட்ஸைக் கழற்றிய காலை

நடை நின்று ஆறாவது வாரக் கடைசி. எக்ஸ்ரேயில் முறிவைச் சுற்றி மணி கோத்த மாதிரி புது எலும்பு. கட்டைவிரலால் அழுத்தினேன், வலி இல்லை. சின்ன முடிச்சு மட்டும் கையில் தட்டுப்பட்டது. அவர் கண்ணில் நீர் தளும்பியது. "அப்போ நாளைக்கே கிளம்பலாமா சார்?"

பதில் சொல்லாமல் மூன்று அளவுகளை எடுத்தோம். வலது கெண்டைக்கால் சுற்றளவு இடதைவிட ஒன்றரை சென்டிமீட்டர் குறைவு. சுவரைப் பார்த்து நின்று, குதிகாலைத் தூக்காமல் முழங்காலால் சுவரைத் தொடும் சோதனையில் இடது கால்விரல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருந்தாலும் முடிந்தது; வலதுக்கு 5 தான். ஒற்றைக் காலில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்கச் சொன்னேன். இடது 22 முறை. வலது ஆறாவது முறையிலேயே நடுங்கி நின்றுவிட்டது.

இந்த எண்களைத் தாளில் எழுதி அவர் கையில் கொடுத்தேன். கணுக்கால் இறுகியிருந்தால் நடையில் குதிகால் சீக்கிரமே தரையை விட்டு எழும்பும். பாரம் முன்பாதத்தில் அதிக நேரம் நிற்கும், அதாவது அதே எலும்பின் மேல். கெண்டைக்கால் ஆறு முறையில் சோர்ந்தால் ஆயிரக்கணக்கான அடிகளுக்கு என்ன செய்யும்? அவர் தாளையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் மடித்து அந்த நோட்டுக்குள் வைத்துக்கொண்டார். கிளம்பும் தேதியைப் பற்றி அன்றைக்குப் பிறகு அவர் கேட்கவில்லை. ஒவ்வொரு முறையும் எண்ணிக்கையைத்தான் கேட்டார்.

தூரத்தைத் திரும்பக் கட்டியது

சாதாரண வீட்டு வேலைகளில் ஐந்து நாள் தொடர்ந்து வலியே இல்லை என்றான பிறகு, எட்டாவது வாரத் தொடக்கத்தில் நடைப் பயிற்சி ஆரம்பித்தது. முதல் நாள் சமதளத்தில் பத்து நிமிடம். மறுநாள் நடை கிடையாது. அதற்கடுத்த நாள் பதினைந்து நிமிடம். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டுவது என்று வைத்துக்கொண்டோம். முதலில் நேரம். முக்கால் மணி நேரம் வந்ததும் அடுத்தடுத்த நாட்கள். அதற்கப்புறம் மேடு பள்ளம். கடைசியில்தான் பை. தூரத்தையும் பையையும் ஒரே வாரத்தில் கூட்டி வலி வந்தால் எதனால் வந்தது என்று யாருக்கும் தெரியாது.

வலியைப் பிரித்துப் பார்க்கவும் கற்றுக்கொண்டார். கெண்டைக்காலில், உள்ளங்காலில் பரவலான அசதி பத்துக்கு மூன்று வரை இருந்து மறுநாள் காலையில் போய்விட்டால் தொடரலாம். பழைய புள்ளியில் எந்த அளவு வலி வந்தாலும், ஒன்று என்றாலும், அன்றைய நடை அந்த இடத்திலேயே நிற்கும். இரண்டு நாள் ஓய்வு. திரும்பும்போது முந்தைய படி. ஒவ்வொரு இரவும் கட்டைவிரலால் அந்த எலும்பை நுனியிலிருந்து அடிவரை அழுத்திப் பார்ப்பது வழக்கமாயிற்று.

கூடவே தினமும் குதிகால் தூக்கும் பயிற்சி, விரல்களை மடக்காமல் பாதத்தின் வளைவை மட்டும் குறுக்கும் பயிற்சி. இரண்டாவது பார்க்க ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். சரியாகச் செய்தால் இருபதாவது முறையில் உள்ளங்கால் பிடித்துக்கொள்ளும்.

ஒன்பதாவது வாரத்தில் சறுக்கல். வலது காலில் அல்ல, இடது காலில். காலையில் முதல் அடி வைத்ததும் இடது குதிகாலில் ஊசி குத்தியது போல. உள்ளங்கால் சவ்வு அழற்சி. உயரம் சமப்படாத பூட்ஸோடு நொண்டிய அந்தப் பத்து நாளும், அதற்குப் பின் வலது காலைக் காப்பாற்ற இடது காலில் கூடுதலாகப் பாரம் போட்ட பழக்கமும் சேர்ந்து செய்த வேலை என்றுதான் எனக்குத் தெரிகிறது. அவர் அன்று ரொம்பவே உடைந்துபோனார். ஆறு வாரம் காத்திருந்து, நல்ல காலும் போய்விட்டதே என்று. பத்து நாள் நடையைப் பாதியாகக் குறைத்து, இடது கெண்டைக்காலையும் உள்ளங்காலையும் நீட்டும் பயிற்சி, குதிகாலுக்கு மெத்தை, விரலுக்கடியில் துணிச் சுருள் வைத்து மெதுவாகக் குதிகால் தூக்குவது என்று போனது. வலி அடங்கியது. அன்றிலிருந்து ஒரு கால் காயத்தோடு யார் வந்தாலும் இரண்டு காலையும் அளக்கிறேன்.

பதினான்காவது வாரத்தில் வலது காலால் 20 முறை குதிகால் தூக்க முடிந்தது. சுவர்ச் சோதனையில் 9 சென்டிமீட்டர். அப்போதுதான் பையை எடுத்தோம். 2 கிலோவோடு தொடங்கி, பதினாறாவது வாரத்தில் 7 கிலோவோடு மூன்று நாள் தொடர்ந்து நாளுக்கு 10 கிலோமீட்டர். நான்காம் நாள் காலையில் இரண்டு கால்களிலும் எதுவும் இல்லை. இதுதான் நாங்கள் வைத்திருந்த கடைசி வாசல்.

அதே இடத்தில், வேறு நடை

பதினேழாவது வாரம் 412-வது கிலோமீட்டருக்கே திரும்பிப் போனார். ஆரம்பித்த இடம் அதுவானாலும் தூரம் அதுவல்ல. முதல் நாள் 10 கிலோமீட்டர். மூன்று நாள் நடை, நான்காம் நாள் கண்டிப்பாக ஓய்வு. நன்றாக இருந்தாலும் ஓய்வு. மூன்றாவது வாரத்திலிருந்து அதிகபட்சம் 20. பை 7 கிலோவைத் தாண்டவில்லை. ஷூ அரை அளவு பெரியது, விரல் பக்கம் அகலமானது; ஏனென்றால் நாள் முழுக்க நடந்தால் பாதம் உப்பும். கால் நனைந்தால் நின்று சாக்ஸ் மாற்றுவது. தோலில் சூடாக உரசும் உணர்வு வந்த உடனேயே ஒட்டுப்பட்டி போடுவது, கொப்புளமாகும்வரை காத்திருப்பதில்லை. வலி மாத்திரை போட்டால் அன்று நடையில்லை. நடந்தால் அன்று மாத்திரையில்லை.

இரண்டு முறை எனக்குப் போன் செய்தார். ஒரு முறை இறக்கமான பாதையில் முழங்கால் நோவு. கைத்தடி இரண்டையும் ஊன்றி இறங்கச் சொன்னேன், சரியாயிற்று. இன்னொரு முறை இரவில் அழைத்து, பழைய புள்ளியில் ஏதோ இருக்கிற மாதிரி தோன்றுகிறது என்றார். குரலில் பயம். அழுத்திப் பார்க்கச் சொன்னேன். முடிச்சு தட்டுப்படுகிறது, வலி இல்லை என்றார். இரண்டு நாள் நிற்கச் சொன்னேன். மறுபேச்சுப் பேசவில்லை. இரண்டு நாள் கழித்து 8 கிலோமீட்டர் நடந்து பார்த்து, ஒன்றுமில்லை என்றான பிறகே தொடர்ந்தார்.

மீதி 488 கிலோமீட்டருக்கு 41 நாள் ஆனது. முதலில் போட்ட கணக்கில் மொத்த நடைக்கே 40 நாள்தான்.

முடித்து மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வந்தார். குதிகால் தூக்கல் இடது 24, வலது 23. வைட்டமின் டி 34. எலும்பு அடர்த்தியை அடுத்த வருடம் மறுபடி பார்க்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். வாரத்தில் இரண்டு நாள் எடை தூக்கும் பயிற்சியும் சேர்ந்திருக்கிறது. கட்டைவிரலால் எலும்பைத் தடவினேன். முடிச்சு பாதியாகக் குறைந்திருந்தது. அது முழுதாகப் போய்விடுமா என்று கேட்டார். எலும்பு மெல்ல மெல்லத் தன்னைச் சீவிக்கொள்ளும், ஆனால் கொஞ்சம் தடிப்பு மிஞ்சலாம் என்றேன். "இருக்கட்டும் சார்" என்று சாக்ஸைப் போட்டுக்கொண்டார். போடுவதற்கு முன் ஒருமுறை அவரே அந்த இடத்தை அழுத்திப் பார்த்துக்கொண்டார்.